குட்டி எலிக்கு என்ன ஆச்சு

அன்னாள் அத்தை எங்க அப்பனோடு கூடப் பிறந்தவள். அப்பனுக்கு மூத்தவள் ஒருத்தி, அவளைக் கொள்ளேகாலம் பக்கம் கட்டிக்கொடுத்து அங்கேயே அவள் காலம் தீர்ந்துபோனது. நடுவில் ஒரு தம்பி, சிலோனுக்குப் போனவன் போனவன்தான். கடைசி அன்னாள் அத்தை. எங்க சனத்தில் கோபக்காரர்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் மற்றவர்கள் கோபமெல்லாம் பால் பொங்குகிற மாதிரி, தண்ணி தெளித்தால் அடங்கிவிடும். அத்தை கோபம் சாம்பலுக்கு அடியில் வைத்த வரட்டி. விடிந்து கிளறிப் பார்த்தாலும் உள்ளே சிவந்து கிடக்கும்.

அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பக்கத்துக் காட்டுக்காரர் ஒருத்தர் அவளுடைய கன்னுக்குட்டியைக் கல்லால் அடித்துக் காலை ஒடித்துவிட்டார். அவள் அழவே இல்லையாம். பெரிய மனுசியான பிறகு அதே ஆள் வெற்றிலை பாக்கோடு தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். அத்தையே போய்க் கதவைத் திறந்தாள். "இங்க கால் ஊனமான மாடு ஒண்ணுதானுங்க இருக்குது, அதைக் கட்டிக்குவானுங்களா உங்க பையன்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். அப்பன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பின்னால் நடந்ததையெல்லாம் பார்த்த பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்.

அவளை மல்லூருக்கு மேற்கே ஒரு வேதக்கார வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை சவரியார். நல்ல மனுசன், நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராது. அவருடைய அண்ணன் தோமினிக். தம்பிக்குச் சேரவேண்டிய பேச்சும் அண்ணனுக்கே வந்துவிட்டது. ஜவ்வரிசி மில் வைத்திருந்தார். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்து, மாவு எடுத்து, உருட்டி வறுத்து, களத்தில் காயப்போடுகிற மில். களத்தின் இந்தக் கடைசியில் தோமினிக்கின் பெரிய ஊடு, அந்தக் கடைசியில் தம்பிக்கு ரெண்டு அறை. சவரியார் கிழங்கு வண்டி குடை சாய்ந்து அதன் அடியில் போய்விட்டார். அப்போது அவர் மகன் செபஸ்தியானுக்குப் பால்பல் விழவில்லை. தோமினிக் மாமனுக்குப் பெண்டாட்டி பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தவள். ஆகவே அத்தைதான் ரெண்டு வீட்டுக்கும் உலை வைத்தாள்.

தோமினிக் மாமனுக்குச் சாவு என்றால் ஆகாது. யாருக்குத்தான் ஆகும் என்பீர்கள். இவருக்கு அந்த வார்த்தையே ஆகாது. எந்தச் சாவுக்கும் போகமாட்டார், எந்தக் குழியிலும் ஒரு பிடி மண் போட்டதில்லை. கல்லறைத் தோட்டத்து வழியாகப் போகவேண்டி வந்தால் சுத்திக்கொண்டு போவார். விபூதிப் புதன்கிழமை கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிச் சாவை ஞாபகப்படுத்துவார்கள் என்று அன்றைக்கு மட்டும் அவருக்கு வயிற்றுவலி வந்துவிடும். நூற்றிருபது வயசு இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. கொல்லிமலையிலிருந்து ஆள் வைத்துக் கருநெல்லி வரவழைத்து லேகியம் கிண்டச் சொல்வார். ஏதோ ஒரு தேசத்தில் தயிராகவே சாப்பிட்டுக் கிழவர்களெல்லாம் குதிரை ஏறுகிறார்கள் என்று எவனோ சொல்ல, ஒரு வருசம் தயிராகவே சாப்பிட்டார். அறுபதை நெருங்கும்போது ரெண்டாம் கல்யாணம் பேச்சும் எடுத்தார். மீசைக்கு மை வந்தது.

நயா பைசா வந்த வருசம் என்று நினைக்கிறேன், வீரபாகு என்று ஒருத்தர் மில்லுக்கு வந்து சேர்ந்தார். மேட்டூர்ப் பக்கம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன் என்பார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் இருமல் வந்துவிடும். தோல் பை, ஊசி, கண்ணாடிக் குழாய் எல்லாம் இருந்தது. தோமினிக் மாமனை ஈஸிச்சேரில் சாய வைத்துக்கொண்டு அவர் பாடம் நடத்துவதை நானே கேட்டிருக்கிறேன்.

"மனுசனுக்கு வயசாகறது எதனாலைன்னு நெனைக்கறீங்க? எலும்பா? இல்லீங்க. ரத்தம். எறைக்காத கெணத்துல பாசி புடிக்குமில்லீங்களா, அதாட்ட ரத்தம் பழசாப் போகுது. புதுத் தண்ணி உட்டாத் தெளிஞ்சுரும். அமெரிக்காவுல பண்ணியே பாத்துட்டாங்க. ஒரு கெழட்டு எலி, ஒரு குட்டி எலி. ரெண்டையும் விலாவோட விலாவா வச்சுத் தெச்சுட்டாங்க. ஒரே ரத்தம் ரெண்டு ஒடம்புலயும் ஓடுது. கொஞ்ச நாள்ல பாத்தா, கெழட்டு எலிக்கு எலும்பு குட்டி எலியாட்டக் கெட்டிப்பட்டுப் போச்சு!"

காப்பி கொண்டுவந்த அத்தை அங்கேயே நின்றாள். "ஏனுங்க, அந்தக் குட்டி எலிக்கு என்னாச்சுங்க?"

வீரபாகு மேலே பார்த்தார். "அதைப் பத்திப் பத்திரிகையில ஒண்ணும் போடலீங்களே."

"போடமாட்டாங்க" என்று டம்ளரை வைத்தாள் அத்தை.

"ஏம்புள்ள, உனக்கு எதுக்கு எலி ஞாயம்?" என்றார் தோமினிக் மாமன். "போயி அடுப்பைப் பாரு."

ஊரான் ரத்தம் ஒட்டாது, சொந்த ரத்தம்தான் ஒட்டும் என்று வீரபாகு முடிவாகச் சொல்லிவிட்டார். சொந்த ரத்தம் என்றால் யார்? மாமனுக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகன் செபஸ்தியான்தான். அப்போது அவனுக்கு மீசை அரும்புகிற வயசு, களத்தில் மூட்டை தூக்குவான். அவனுக்கு லாரிப் பைத்தியம். மில்லுக்கு வருகிற லாரி ஒவ்வொன்றின் ஹாரனும் அவனுக்குத் தெரியும்.

"உனக்கு ஒரு லாரி எடுத்துத் தாரேன்டா" என்றார் பெரியப்பா. "முன்னால செபஸ்தியார் துணைன்னு எழுதிக்க. பெரியப்பனுக்குக் கொஞ்சம் ரத்தம் குடுக்கமாட்டயா?"

அத்தை வேண்டாம் என்றாள். பையன் சிரித்தான். "எறும்பு கடிச்சாப்பலதான் இருக்குது அம்மா. ஒரு லாரிக்கு எத்தனை எறும்பு கடிக்கலாம், நீயே சொல்லு."

அவன் கையிலிருந்து இழுத்து, சூடு ஆறுவதற்குள் இவர் தொடையில் குத்துவார் வீரபாகு. முதலில் வாரத்துக்கு ஒருக்கா. அப்புறம் மாமனுக்கு எப்பொழுது அலுப்பாக இருக்கிறதோ அப்பொழுதெல்லாம். பையனுக்கு ஈரலும் முட்டையும் வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தின்றது எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு நோம்பிக்கு அவன் எங்க ஊட்டுக்கு வந்தபோது எங்கம்மா அவன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ஏஞ்சாமி, களத்துல காயற ஜவ்வரிசியாட்ட வெளுத்துக் கெடக்கறே" என்றாள். லாரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். பச்சைப் பெயிண்டா சிவப்பா என்று என்னைக் கேட்டான். நான் சிவப்பு என்றேன்.

ஆடி மாசம் அவனுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. களத்தில் இன்னும் நாலு பேருக்கு வந்தது. அவர்கள் கஞ்சி குடித்து எழுந்துவிட்டார்கள். இவனுக்கு எழுந்திருக்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்க சனத்தில் ஒருத்தர் சாகக் கிடந்தால் சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, ஆண்டவரே இறங்கி வருகிற நன்மை அப்பத்தை நாக்கில் வைத்து, கண், காது, கை, காலில் அர்ச்சித்த எண்ணெய் பூசுவார். அவஸ்தைப் பூசுதல் என்று பெயர். அது கிடைக்காமல் போகிறவன் கதி என்னவோ என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நடுங்குவோம். சாமியார் நன்மையை எடுத்துக்கொண்டு வரும்போது கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் முன்னால் கைமணி அடித்துக்கொண்டு வருவார். சத்தம் கேட்டதும் தெருவில் இருப்பவர்கள் முட்டி போடுவார்கள். இவ்வளவும் சரி. ஆனால் எங்க ஆட்களில் சிலருக்கு வேறு ஒரு நினைப்பும் உண்டு. எண்ணெய் பூசினால் ஆள் தப்பாது, எண்ணெய் வந்த கூரை அடுத்த ஆளையும் கேட்கும் என்று. சாமியார் எத்தனை பிரசங்கம் வைத்தும் அது போகவில்லை. தோமினிக் மாமனுக்கு அந்த நினைப்பு ரத்தத்திலேயே ஊறியிருந்தது.

அத்தை சாமியாரைக் கூட்டிவரச் சொல்லி மில் ஆள் ஒருத்தனை அனுப்பினாள். பங்குக் கோயில் ரெண்டு ஊர் தள்ளி. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுத்திரி, தீர்த்தம், பஞ்சு எல்லாம் எடுத்து வைத்தாள். பையனுக்கு நினைவு நன்றாக இருந்தது. சுவர்ப் பக்கம் காதை வைத்துக்கொண்டு கேட்டான்.

"சாமியார் வந்துட்டாரா அம்மா?"

"வந்துக்கிட்டு இருக்கார் சாமி."

கொஞ்சம் கழித்து, "மணி கேக்கலையே" என்றான்.

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது. வந்துக்கிட்டு இருக்கார்."

வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தான். அப்படியே போய்விட்டான். வெள்ளைத் துணி விரித்தது விரித்தபடி கிடந்தது.

அடக்கத்தன்று உபதேசியார் எங்க அப்பனை ஓரமாகக் கூப்பிட்டார். அத்தை பின்னாலேயே வந்துவிட்டாள். "நான் மணியைக் கையில எடுத்துட்டேனுங்க" என்றார் உபதேசியார். "சாமியார் சைக்கிள்ல காலை வச்சுட்டார். ரெண்டாவதா ஒரு ஆள் ஓடி வந்து, பையனுக்குத் தேவலையாயிடுச்சு, வரவேண்டாம்னு பெரியவர் சொல்லச் சொன்னார்னு சொன்னான். நாங்க நம்பிட்டோமுங்க."

பெரியவர் அடக்கத்துக்கு வரவில்லை. அன்றைக்குக் காலையில்தான் களத்துப் பையன் ஒருத்தன் ரத்தத்தை எடுத்து அவருக்கு ஊசி போட்டதாம். சாவுச் சேதி கேட்டால் போட்ட ரத்தம் சுண்டிப்போகும் என்று வீரபாகு சொல்லியிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

அத்தையை எங்க ஊட்டுக்கு வந்துவிடச் சொல்லி அப்பன் கையைப் பிடித்து இழுத்தார். அவள் வரவில்லை. எங்கம்மாவிடம் சொன்னாள், நான் பக்கத்தில் நின்றேன்.

"ரத்தம் எடுத்ததைக் கூட உட்டுருவேன் அண்ணி. அது இவனும் சிரிச்சுக்கிட்டுக் குடுத்தது. பொறப்பட்டு வந்த ஆண்டவரைத் திருப்பி அனுப்பினான் பாருங்க, அதை உடமாட்டேன். அவனுக்கும் அந்த எண்ணெய் கெடைக்கக்கூடாது. அவனும் வாசலைப் பாத்துக்கிட்டே போகோணும். பக்கத்துல நான் உக்காந்திருக்கோணும்."

"அதுக்கு நீ அவனுக்கு முந்திச் சாகாம இருக்கோணுமே" என்றாள் எங்கம்மா, ஆற்றுகிற மாதிரி.

"இருப்பேன். அவன் ஒரு நாள் இருந்தா நான் ஒன்றரை நாள் இருப்பேன்."

அன்றையிலிருந்து அவளுக்கும் ஆயுசு வேண்டியிருந்தது. மாமன் லேகியம் தின்று வைத்த கிண்ணத்தை வழித்து இவள் நக்கிவிடுவாள். அவர் பால் குடித்தால் இவளும் பால் குடித்தாள். அவர் விடிகாலையில் களத்தைச் சுற்றி நடந்தால், இவளும் விளக்குமாற்றோடு பின்னாலேயே நடப்பாள். பார்க்கிறவர்கள் மூத்தார் மேல் என்ன பக்தி என்றார்கள். அவள் வைத்த சோற்றில் ஒரு நாளும் உப்புக் கூடினதில்லை, குறைந்ததும் இல்லை. விஷம் வைத்துவிடுவாளோ என்று அப்பன் பயந்தார். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "வெஷம் வெச்சாச் சட்டுனு போயிருவானில்ல? போலீஸ்காரன் வேற வருவான். எனக்கு எதுக்கு அந்தப் பொழப்பு?"

ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போனாள். செவ்வாய்ப்பேட்டையில் வெண்கலக் கடை. அங்கே உட்கார்ந்து மணியாக எடுத்து ஆட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டுக் கீழே வைத்தாள். கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார்.

"ஏனம்மா, பொண்ணு பாக்கறாப்பல மணி பாக்கறீங்க?"

"பொண்ணுன்னா கண்ணாலம் ஆனாச் சரியாப் போகுமுங்க. மணி சத்தம் தப்புனாத் தப்புனதுதான்."

"மாட்டுக்கா, ஆட்டுக்கா?"

"ஆட்டுக்குத்தானுங்க. ஆனாக் கோயில் மணியாட்ட இருக்கோணும்."

கடைசியில் ஒன்று கிடைத்தது. உபதேசியாருடைய கைமணிச் சத்தம் அதேதான், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்கே முட்டி மடங்கியது.

கிழங்கு அரைத்து மிஞ்சுகிற திப்பியைத் தின்று கொழுத்த கிடாய் ஒன்று அவளிடம் இருந்தது. அதன் கழுத்தில் அந்த மணியைக் கட்டினாள். அதற்கு டாக்டர் என்று பெயரும் வைத்தாள். "டாக்டரு, வாடா, திப்பி திங்க" என்று அவள் கூப்பிட்டால் மில்லில் இருக்கிறவர்களெல்லாம் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். வீரபாகு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

முதல் தடவை மணி கேட்டபோது தோமினிக் மாமன் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். கத்தி கன்னத்தில் இறங்கிவிட்டது. பாதிச் சவரத்தோடு வெளியே வந்தார்.

"யாருக்கு? யாருக்குப் புள்ள? யாரு ஊட்டுக்குப் போகுது?"

"எதுங்க?"

"மணி!"

"அதுங்களா, டாக்டருங்க" என்று கிடாயைக் காட்டினாள்.

"அவுத்து எறி அதை."

"எப்படிங்க எறியறது? நாளு பூராவும் லாரி வந்து போகுது, எவனாச்சும் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டா? சத்தம் இருந்தாத்தானுங்க தேட முடியும். ஏனுங்க பெரியமாமா, ஆட்டு மணிக்கு யாராச்சும் பயப்படுவாங்களா?"

பயம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதனால் பொறுத்துக்கொண்டார். சன்னலுக்குக் கீழே திப்பியைக் கொட்டி வைப்பாள் அத்தை. அவர் கண்ணயர்கிற நேரமாகப் பார்த்துக் கிடாய் வந்து தலையை ஆட்டும். எழுந்து உட்காருவார், மார் அடித்துக்கொள்ளும், வீரபாகுவைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்வார். இப்படி ஒரு வருசத்துக்கு மேலே நடந்தது. பெண் கொடுக்கிறேன் என்று வந்தவர்கள் இவர் கை நடுக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரு கிறிஸ்துமசுக்கு அத்தை பூசைக்குப் போயிருந்தபோது ஆள் வைத்துக் கிடாயை அறுத்துவிட்டார். திரும்பி வந்தவளுக்குத் தட்டில் ஈரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைத்தான் பார்க்க முடிந்தது.

"இனி வயித்துக்குள்ள அடிக்கட்டும் மணி" என்று சிரித்தார்.

"நல்லாத் தின்னுங்க" என்றாள் அத்தை. தோலோடு கிடந்த மணியை எடுத்துக் கழுவி, கம்புப் பானைக்குள் போட்டு மூடினாள்.

செபஸ்தியானுக்குப் பிறகு வீரபாகு சொந்த ரத்தம் என்ற பேச்சை விட்டுவிட்டார். களத்தில் மூட்டை தூக்குகிற பையன்களுக்குக் கூலிக்கு மேலே சில்லறை கொடுத்து ஊசியைப் போட்டார். ஒருத்தன் கையில் இருந்த ஊசி, துடைத்த துணியோடு அடுத்தவன் கைக்குப் போகும். எத்தனையோ வருசம் இப்படி ஓடியது. அப்புறம் தோமினிக் மாமனுக்குக் கண் மஞ்சளாயிற்று, நகம் மஞ்சளாயிற்று, வயிறு உப்பியது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், கேட்கவில்லை. வீரபாகு ஒரு நாள் தோல் பையை எடுத்துக்கொண்டு தம்மம்பட்டிப் பக்கம் மூலிகைக்குப் போகிறேன் என்று போனவர்தான்.

சேலத்தில் பெரிய டாக்டர் ஒருத்தரிடம் அத்தைதான் கூட்டிப்போனாள். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், ஊசிக் கதையை முழுக்கக் கேட்டார். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஊசி வழியா வந்த காமாலை ஐயா இது. ஈரல் சுருங்கிப்போச்சு. தசையில குத்தற ரத்தம் ஒடம்புல ஓடவே ஓடாது, அங்கேயே கரைஞ்சு போயிரும். வயசாகறது ரத்தத்துல மட்டுமா இருக்குது? எலும்பு, நரம்பு, தோல், எல்லாம் சேந்துதான் மூப்பு அடையுது. ஏன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது. நிறுத்தற ஊசி உலகத்துல எங்கேயும் கெடையாது."

"எலியைத் தெச்சாங்களாமே" என்றார் மாமன், குரல் உள்ளே போய்.

"தெச்சாங்க, நெசந்தான். அதுல பல ஜோடி செத்தும் போச்சு. அதை உங்க ஆளு சொல்லலையா?"

அத்தை பெஞ்சிலிருந்து எழுந்தாள். "எதுங்க சாமி செத்துச்சு? கெழடா, குட்டியா?"

"ரெண்டும்தான் அம்மா. ஒண்ணாத் தெச்ச பிறகு ஒண்ணு போனா இன்னொண்ணு எங்க நிக்கும்?"

திரும்பி வருகிற பஸ்ஸில் அத்தை டாக்டர் சொன்ன அந்தப் பேச்சையே வாயில் போட்டு மென்றுகொண்டு வந்திருக்கிறாள்.

மறு வருசம் ஆவணியில் மில் ஓடவில்லை, கிழங்கு வரத்து இல்லை. களம் காலியாக வெயிலில் கிடந்தது. மாமனுடைய தூரத்துப் பங்காளிகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சொத்தை விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் அத்தையும்தான். அதற்கு மேலே நடந்ததை அத்தை எங்கம்மாவிடம் ஒரு தடவை, வெகுகாலம் கழித்து என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். ரெண்டு தடவையும் ஒரு வார்த்தை மாறவில்லை.

மத்தியான வெயில். மாமன் கண்ணைத் திறந்தார்.

"அன்னாளு, சாமியாரைக் கூப்புடு புள்ள."

"எதுக்குங்க? உங்களுக்குத்தான் அந்த மணிச் சத்தம் ஆகாதே."

"இப்ப ஆகும். கூப்புடு."

"ஊட்டுக்குள்ள எண்ணெய் வந்தா அடுத்த ஆளைக் கேக்குமுங்களே."

அவர் அழுதார். கண்ணீர்கூட மஞ்சளாக வந்தது என்பாள் அத்தை. "செபஸ்தியானுக்கு நாஞ் செஞ்சது உனக்குத் தெரியுமில்ல?"

"உங்க வாயில சொல்லுங்க, கேக்கறேன்."

"ஆளை ஓடவுட்டுச் சாமியாரை நிறுத்திட்டேன். பயந்துட்டேன் புள்ள. எங்கே என்னையும் சேத்துக் கேட்டுருமோன்னு பயந்துட்டேன்."

அத்தை இத்தனை வருசமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான். கேட்டதும் மனசு இளகும் என்று எங்கம்மா நினைத்திருந்தாள். இளகவில்லையாம். "குட்டி எலிக்கு என்னாச்சுன்னு இப்பவாச்சும் சொன்னீங்களே" என்று எழுந்தாள். "ஆள் அனுப்பறேன், படுங்க."

வெளியே போய்க் காலிக் களத்தில் நின்றாள். யாரையும் அனுப்பவில்லை. அனுப்ப ஆளும் இல்லை, மனசும் இல்லை. நிழல் சுவரை விட்டு இறங்கும் வரைக்கும் நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

"வந்துட்டாரா புள்ள?"

"வந்துக்கிட்டு இருக்கார்."

"மணி கேக்கலையே?"

அந்தக் கேள்வியை அப்படியே அவர் வாயிலிருந்து கேட்டதும் அத்தைக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அடுப்படிக்குப் போனாள். கம்புப் பானையில் கையை விட்டு மணியை எடுத்தாள். களத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்று அடித்தாள். அடித்துக்கொண்டே நடந்தாள். மணி தூரத்தில் கேட்கவேண்டும், கிட்டே வரவேண்டும், வாசலுக்கு வந்து நின்றுவிடவேண்டும். கதவு திறக்கக்கூடாது. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடக்கவேண்டும், பையன் கிடந்த மாதிரி. அதுதான் அவள் போட்ட கணக்கு.

வாசலுக்கு வந்தாள். மணியை நிறுத்தி அதன் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டாள். உள்ளே சத்தம் இல்லை. கூப்பிடட்டும், கெஞ்சட்டும் என்று நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் நின்றிருக்கிறாள். கால் மரத்துப்போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தால், எழுந்து உட்கார முடியாத மனுசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரெண்டு கையும் நெஞ்சில் கூப்பியிருந்தது. நன்மை வாங்க வருகிறவர்கள் பீடத்தில் முட்டி போட்டுக் காட்டுவார்களே, அப்படி வாயைத் திறந்து நாக்கை நீட்டியிருந்தார். முகத்தில் ஒரு பயம் இல்லை. உயிரும் இல்லை.

"ஏமாத்திட்டான் அண்ணி" என்றாள் எங்கம்மாவிடம். நாக்கை உள்ளே தள்ளிப் பார்த்தாளாம், கூப்பின கையைப் பிரித்துப் பார்த்தாளாம். "என்ற கையாலேயே மணி அடிச்சு அவனை மோட்சத்துக்கு வழியனுப்பி வெச்சிருக்கறேன். பாத்தவனெல்லாம் நல்ல சாவுங்கறான். எந்த மனுசனுக்கு இப்படி ஒரு சாவு வருமுங்கறான்!"

அடக்கத்துக்குக் கூட்டம் வந்திருந்தது. அவர் யார் குழியிலும் மண் போடாதவர், ஆனால் அவர் குழிக்கு மண் போட மல்லூரே வந்திருந்தது. நானும் அம்மாவும் அத்தைக்குப் பக்கத்தில் நின்றோம். சாமியார் மந்திரம் முடித்துத் தூபம் காட்டினார். ஒவ்வொருத்தராக ஒரு பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். அத்தை கையில் மண்ணை எடுத்துக்கொண்டு குழி ஓரத்தில் நின்றாள். போடவில்லை.

"சாமி" என்று சாமியாரைக் கேட்டாள். "சாமியாரைக் கேட்டு, வாசலைப் பாத்துக்கிட்டுக் கெடந்து, எண்ணெய் கெடைக்காம ஒருத்தர் போயிட்டா, அவிய கதி என்னங்க சாமி?"

அவள் பெரியவருக்காகத்தான் கேட்கிறாள் என்று சாமியார் நினைத்துக்கொண்டார். "பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டு, ஆசையோட கேட்டுட்டுப் போனவங்களை ஆண்டவர் தள்ளமாட்டார் அம்மா. எண்ணெய் வந்து சேரலைன்னா அது அவங்க குத்தம் இல்லையே. பெரியவர் மொகத்தைப் பாத்தனே, கவலைப்படாதீங்க."

அத்தை முகம் கறுத்தது. பிடி இறுகி மண் விரலிடுக்கில் ஒழுகியது. அப்புறம் ஏதோ ஒன்று அவளுக்குத் தட்டுப்பட்டது. அதை நான் பார்த்தேன்.

"அப்ப என்ற மவன்? அவனும் கேட்டுக்கிட்டேதானுங்க போனான்."

"அவனுக்கும் அதேதான்."

"இவருக்கு இல்லைன்னா?"

"இவருக்கு இல்லைன்னா அவனுக்கும் எப்படி அம்மா இருக்கும்? ரெண்டு பேருக்கும் ஒரே ஆண்டவர்."

அத்தைக்குக் கணக்கு புரிந்துவிட்டது. இவரைத் தள்ளினால் அவனும் போய்விடுவான். அவனை வாங்கிக்கொண்டால் இவரையும் வாங்கியாகவேண்டும். அமெரிக்காக்காரன் தைத்த எலி அவள் மனசில் வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அவள் முணுமுணுத்தது, "தெச்சே புட்டாங்களே". எங்கம்மா அவள் முதுகில் கையை வைத்தாள். அத்தை அதைத் தட்டிவிட்டாள்.

கையிலிருந்த பொடி மண்ணைக் கீழே உதறினாள். குனிந்து தேடி, வெட்டிப் போட்ட மண்ணில் ஒரு பெரிய கட்டியாகப் பார்த்து எடுத்தாள். குழிக்குள் எட்டிப் பார்த்துப் பேசினாள். சுத்தி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

"போ. என்ற பையன் இருக்கற எடத்துக்கே போ. ஆனா அங்க போயி மறுபடியும் அவன் கையைப் புடிச்சு ரத்தம் கேட்டயின்னா, நான் அங்கேயும் வாரேன்."

கட்டி பெட்டியின் மேல் மடார் என்று விழுந்தது. சாமியாரே திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அத்தை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் விடுவிடு என்று நடந்து போனாள்.